‘நாம்’ என்று சொல்ல வாய் வரவில்லை

கேள்வி: நான் பெங்களூரு அல்சூரில் இருக்கிறேன். வயது 42. ஒரு தனியார் பள்ளியில் எட்டு, ஒன்பதாம் வகுப்புகளுக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். தாத்தா காலத்தில் திருவண்ணாமலைப் பக்கமிருந்து வந்து குடியேறிய குடும்பம். நான்கு மாதத்துக்கு முன் நடந்த தேர்தலில் எங்கள் பகுதிப் பெரியவர் ஒருவர் சுயேச்சையாக நின்றார். தண்ணீர் வரவில்லை, சாக்கடை அடைத்துக்கொண்டது என்று எதற்கும் முதலில் ஓடுகிறவர். அவருக்காக நாங்கள் 14 பேர் இரண்டு மாதம் வீடு வீடாக ஏறி இறங்கினோம். யாருக்கும் ஒரு பைசா கொடுக்கவில்லை, கொடுக்க அவரிடம் இல்லை. டெபாசிட் போய்விட்டது. அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். எங்கள் தெரு ஓட்டுப் போட்ட பூத்தில் அவருக்கு விழுந்தது 31. நாங்கள் போனது 200 வீடு. எல்லா வீட்டிலும் ‘கண்டிப்பா சார், நீங்க சொல்லணுமா’ என்றார்கள். முந்தின நாள் ராத்திரி ஓட்டுக்கு 2,000 ரூபாய் கவர் வந்தது. ஆட்டோ ஓட்டும் என் சொந்தத் தம்பி நான்கு ஓட்டுக்கு 8,000 வாங்கியிருக்கிறான். கேட்டதற்கு, ‘உனக்கு மாசம் பொறந்தா சம்பளம் வருது, நீ கொள்கை பேசுவே’ என்றான். ஒரே காம்பவுண்டில் இருந்தும் அன்றிலிருந்து பேச்சில்லை. காலையில் பள்ளி கூடும்போது அரசியலமைப்பின் முகப்புரையை முன்னால் நின்று வாசிப்பது என் பொறுப்பு. ஒரு நாள் கன்னடத்தில், ஒரு நாள் ஆங்கிலத்தில். சகோதரத்துவம் என்று வருகிற இடத்தில் தொண்டை அடைக்கிறது. பொய் சொல்வது போல இருக்கிறது. இந்த ஜனங்களுக்கு எதற்கு இந்த வார்த்தைகள்? நாங்கள் நம்பியதெல்லாம் வெறும் காகிதம் என்றால் அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர எனக்கு என்ன யோக்கியதை? வேலையை விட்டுவிடலாமா? (கடிதம் சுருக்கப்பட்டுள்ளது.)

பதில்:

ஆசிரியர் அவர்களுக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வேலையை விடாதீர்கள். இந்தக் கல்வியாண்டு முடியும்வரை அந்தப் பேச்சையே எடுக்க வேண்டாம். இதை நாட்டையோ கொள்கையையோ வைத்துச் சொல்லவில்லை. நான்கு மாதமாக விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி இருப்பவர் வேலை, சொத்து, உறவு மூன்றிலும் எந்த முடிவும் எடுக்கக் கூடாது என்பது 26 வருஷமாக என்னிடம் வருகிற எல்லோருக்கும் நான் சொல்வது. தூக்கம் திரும்பி வந்தபிறகும் அதே முடிவு தோன்றினால் அப்போது பேசிக்கொள்ளலாம்.

உடம்பைப் பற்றியே இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். சாப்பாடு இறங்கவில்லை, பாடம் நடத்தும்போது பாதியில் சொல் மறந்துபோகிறது, பசங்களோடு ஆடிய கிரிக்கெட்டைக்கூட விட்டுவிட்டேன் என்றெல்லாம் எழுதியிருக்கிறீர்கள். தேர்தல் ஏமாற்றம், நாளானால் சரியாகிவிடும் என்று இதை ஒதுக்க என்னால் முடியாது. மனத்தளர்ச்சி, எதிலும் பிடிப்பில்லாமை, தூக்கமும் பசியும் கெடுவது ஆகியவை இரண்டு வாரத்துக்கு மேல் தினமும் நீடித்தால் மனச்சோர்வு நோயாக இருக்குமா என்று பார்த்துவிட வேண்டும். எங்கள் துறையில் இது பாலபாடம். உங்களுக்கு நான்கு மாதம் ஆகிறது. நேரில் ஒரு மருத்துவரைப் பாருங்கள், மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸ் உங்கள் ஊரிலேயே இருக்கிறது. போகக் கூச்சமாக இருந்தால் முதலில் 14416-க்கு போன் செய்யுங்கள். டெலி மானஸ் என்று மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய இலவச மனநல உதவி எண் அது. இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம். மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் அப்போதே கூப்பிடலாம். இப்போது அந்த நேரத்தில் நீங்கள் என்ன செய்கிறீர்கள்? போனை எடுத்து பூத்வாரியான வாக்குப் பட்டியலைத் திறந்து பார்க்கிறீர்கள். அந்தப் பிடிஎப்பை இன்றைக்கே அழித்துவிடுங்கள் சார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் முழுக் கடிதம் ஆறு பக்கம். அழகான வாத்தியார் கையெழுத்து, ஓர் அடித்தல் இல்லை. இரண்டாம் முறை படிக்கும்போது ஒரு சொல்லைப் பென்சிலால் வட்டம் போட்டுக்கொண்டே வந்தேன். ‘நாங்கள்’ 27 இடத்தில் வருகிறது. ‘இவர்கள்’, ‘இந்த ஜனங்கள்’ இரண்டும் சேர்ந்து 19 இடத்தில். ‘நாம்’ ஓர் இடத்தில்கூட இல்லை.

தமிழில் பிறந்தவர்களுக்கு இந்த வித்தியாசத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ‘நாங்கள் சாப்பிடப் போகிறோம்’ என்றால் எதிரே நிற்பவருக்கு இலை கிடையாது. ‘நாம் சாப்பிடலாம்’ என்றால் அவருக்கும் உண்டு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். நீங்கள் காலையில் வாசிக்கிற கன்னட முகப்புரையிலும் ‘நாவு’ ஒன்றுதான். தமிழில் மொழிபெயர்க்க உட்கார்ந்தவர்கள் மட்டும் இரண்டில் ஒன்றை எடுத்தே ஆக வேண்டியிருந்தது. ‘இந்திய மக்களாகிய நாம்’ என்று எழுதினார்கள். எதிரே நிற்கிறவரையும் சேர்த்துக்கொண்டு. கவர் கொடுத்தவர், வாங்கியவர், வாங்காமல் திருப்பி அனுப்பியவர், ஓட்டுப் போடவே போகாதவர் எல்லோருக்கும் அங்கே இலை போட்டிருக்கிறது.

தொண்டை ‘சகோதரத்துவம்’ என்ற இடத்தில் அடைப்பதாகச் சொல்கிறீர்கள். கடிதத்தைப் படித்தால் அடைப்பு முதல் சொல்லிலேயே தொடங்கிவிடுகிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. அடிபட்டவர் முதலில் செய்வது கையை இழுத்து மார்போடு சேர்த்துக்கொள்வதுதான். ஆனால் நான்கு மாதம் கையை அப்படியே வைத்திருந்தால் தோள் இறுகிப்போகும். உங்களுக்கு இறுகத் தொடங்கியிருக்கிறது.

அந்த 31-ஐ எடுத்துக்கொள்வோம். மளிகைக் கடைக்காரர் போட்டிருப்பார், மாடி வீட்டு அம்மா போட்டிருக்க மாட்டார் என்று ஒரு நோட்டில் பெயர் எழுதி டிக் அடித்துப் பார்த்திருக்கிறீர்கள். கூட்டினால் ஒரு தடவை 44 வருகிறது, இன்னொரு தடவை 26 வருகிறது, 31 வருவதில்லை. இதை நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்கு மனசு கனத்துப்போனது. தெருவில் எதிரே வருகிறவர்கள் முகத்தில் எல்லாம் ஓட்டைத் தேடிக்கொண்டு ஒரு மனிதர் பள்ளிக்கு நடந்து போகிறார். ரகசிய வாக்கு என்பது நீங்களே நடத்துகிற பாடம். காசு கொடுத்தவரிடமிருந்து வாக்காளரைக் காப்பாற்றத்தான் அந்த ஏற்பாடு என்று சொல்லித்தந்திருப்பீர்கள். இப்போது உங்களிடமிருந்தும் அவர்களைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. காசு வாங்கியவர்கள் எல்லோரும் வாங்கிய கைக்கே போட்டார்கள் என்பதும் உங்களுக்குத் தெரியாது. தம்பி வீட்டு நான்கு ஓட்டும் அந்த 31-க்குள் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அதைக் கேட்கப் போகாதீர்கள். அந்த நோட்டைக் கிழித்துப் போடுங்கள்.

‘கண்டிப்பா சார்’ என்று 200 வீட்டிலும் சொன்னதை வாக்குறுதியாக எடுத்துக்கொண்டுவிட்டீர்கள். வாசலுக்கு வந்த வாத்தியாரிடம் ‘மாட்டேன்’ என்று முகத்துக்கு நேரே சொல்கிற பழக்கம் நம்மவர்களிடம் எங்கே இருக்கிறது? கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவரிடம் ‘குடும்பத்தோட வந்துடறோம்’ என்று சொல்லி அனுப்புவது மாதிரிதான் அது. சொன்னவர்கள் ஏமாற்ற நினைத்துச் சொல்லவில்லை. உங்கள் மேல் உள்ள மரியாதையைச் சொன்னார்கள். அந்த மரியாதை இன்னும் அங்கேதான் இருக்கிறது.

அடுத்தது, உங்கள் கடிதத்தில் இரண்டே வரியில் கடந்துபோகிற ஒரு விஷயம். எனக்கு அதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிதாகப் பட்டது. போன வருஷம் தம்பி மகளுக்கு டெங்கு வந்து, ஆஸ்பத்திரியில் படுக்கை இல்லை என்று ஆட்டோவிலேயே வைத்துக்கொண்டு அலைந்திருக்கிறார்கள். ராத்திரி 11 மணிக்கு ஒருவர் போன் போட்டுப் படுக்கை கிடைத்தது. போன் போட்டவர் ஜெயித்த வேட்பாளரின் ஆள். தேர்தலுக்கு முந்தின ராத்திரி கவரோடு வந்தவரும் அவரேதான்.

நீங்கள் குடிமையியல் ஆசிரியர், உங்களுக்குத் தெரியாதது இல்லை. ஆனாலும் கோபத்தில் இதை மறந்துவிட்டீர்கள் என்பதால் எழுதுகிறேன். பெங்களூரு மாநகராட்சிக்கு 2015-இல் தேர்தல் நடந்தது. மாமன்றத்தின் காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது. ஐந்து வருஷம் முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்று அரசியலமைப்பின் 243-யூ பிரிவு சொல்கிறது. நடந்தது என்ன? வார்டு எல்லை, இடஒதுக்கீடு, வழக்கு என்று வருஷம் வருஷமாகத் தள்ளிப்போனது. 2025-இல் மாநகராட்சியையே ஐந்தாகப் பிரித்தார்கள். சாக்கடை அடைத்தால் போய்க் கத்துவதற்கு ஒரு கவுன்சிலர் வீட்டு வாசல் உங்கள் தெருவுக்கு இல்லாமல் போனது. காலியான அந்த இடத்தில் யார் வந்து உட்கார்ந்தார்? எம்எல்ஏவின் ஆள். ரேஷன் கார்டு, போலீஸ் ஸ்டேஷன், ஸ்கூல் சீட், ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் அவர் போன்தான். ஜனங்கள் லட்சியத்தைக் கைவிட்டுவிட்டார்கள் என்று ஆறு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். ஜனங்களின் வாசலுக்கு மிகப் பக்கத்தில் வரவேண்டிய ஓட்டை இத்தனை வருஷம் நடத்தாமல் வைத்திருந்தவர்கள் மேல் அதில் ஒரு வரிகூட இல்லை.

அந்த ஆளிடம் கவரை வாங்க மாட்டேன் என்று சொன்னால் என்ன அர்த்தம் என்று தம்பிக்குத் தெரியும். ‘அவன் நம்ம ஆள் இல்லை’ என்று பெயர் வந்துவிடும். அடுத்த தடவை குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது போன் எடுக்கப்பட மாட்டாது. உங்கள் பெரியவர் உத்தமர், சந்தேகமில்லை. ஆனால் ராத்திரி 11 மணிக்கு அவர் சொன்னால் படுக்கை கிடைக்குமா? அவருக்கு ஓட்டுக் கேட்டுப் போன 14 பேரில் யாராவது இந்தக் கேள்விக்கு ஒரு பதில் வைத்திருந்தீர்களா? வைத்திருக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். கேள்வி இருந்தது என்பதையாவது ஒப்புக்கொள்ள வேண்டும்.

இதனால் தம்பி செய்தது சரியாகிவிடாது. பூசி மெழுக மாட்டேன். ஓட்டுக்குக் கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். மாதச் சம்பளம் இல்லாத எத்தனையோ பேர் அன்று ராத்திரி கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஆகையால் கோபப்படுங்கள். மன்னித்துவிடுங்கள் என்று நான் சொல்லவே இல்லை. ஆனால் தம்பியை ‘இந்த ஜனங்கள்’ கூட்டத்தில் சேர்த்துவிட்டுத் தூரத்தில் நின்று வெறுக்காதீர்கள். பக்கத்தில் வைத்துக்கொண்டு, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அவனிடமே கோபப்படுங்கள்.

உங்கள் தொண்டையை அடைக்கிற சொல்லைப் பற்றி ஒரு செய்தி. 1946 டிசம்பரில் நேரு அரசியல் நிர்ணய சபையில் கொண்டுவந்த குறிக்கோள் தீர்மானத்தில் நீதி இருந்தது, சுதந்திரம் இருந்தது, சமத்துவம் இருந்தது. சகோதரத்துவம் இல்லை. அதைச் சேர்த்தது அம்பேத்கர் தலைமையிலான வரைவுக் குழு. 1948 பிப்ரவரி 21 அன்று வரைவை அனுப்பும்போது அம்பேத்கர் எழுதிய கடிதத்திலேயே இது இருக்கிறது. தீர்மானத்தில் இல்லாவிட்டாலும் நாங்கள் சேர்த்திருக்கிறோம், சகோதர உணர்வின் தேவை இப்போது இருப்பதைப்போல முன்பு எப்போதும் இருந்ததில்லை என்று சொல்கிறார். தேதியைப் பாருங்கள். காந்தி சுட்டுக்கொல்லப்பட்டது ஜனவரி 30. அதற்கு 22 நாள் கழித்து எழுதிய கடிதம் இது. பிரிவினையில் பக்கத்து வீட்டுக்காரரைப் பக்கத்து வீட்டுக்காரரே வெட்டிய ரத்தம் காயாத நேரம். டெல்லியில் அகதிகள் கூடாரத்தில் கிடந்தார்கள். ஊரில் சகோதரத்துவம் பொங்கி வழிந்ததைப் பார்த்து யாரும் அந்தச் சொல்லை எழுதிவைக்கவில்லை. ஊரில் எங்கு தேடியும் அது இல்லாத மாதத்தில் எழுதினார்கள்.

எழுதியவருக்கே பின்னால் என்ன நடந்தது என்பதும் உங்களுக்குத் தெரியும். 1949 நவம்பர் 25 அன்று அதே சபையில் அம்பேத்கர் பேசினார். சகோதரத்துவம் இல்லாமல் போனால் சுதந்திரமும் சமத்துவமும் பெயிண்ட் பூச்சு ஆழத்துக்கு மேல் இறங்காது என்றார். இரண்டே வருஷத்தில் அந்த அரசியலமைப்பின்படி முதல் பொதுத்தேர்தல் வந்தது. பம்பாய் வடக்குத் தொகுதியில் நின்றார், தோற்றார். 1954-இல் பண்டாரா இடைத்தேர்தலில் நின்றார், அதிலும் தோற்றார். நடுவில், 1953-இல், இந்த அரசியலமைப்பை எரிப்பதற்கு முதல் ஆளாக நிற்பேன் என்று மாநிலங்களவையில் வெடித்திருக்கிறார். உங்கள் 31-ஐப் பார்த்து உங்களுக்கு வந்த கோபத்தைவிடச் சிறிய கோபம் இல்லை அது. ஆனால் அவர் அந்தக் கோபத்தை எங்கே வைத்துக் காட்டினார் என்று கவனியுங்கள். சபைக்குப் போய், எழுந்து நின்று, எல்லோர் முகத்துக்கும் நேரே. வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு அல்ல.

என் வீட்டுக் கதை ஒன்றும் சொல்கிறேன். 1991 டிசம்பர். காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவு அரசிதழில் வந்தவுடன் பெங்களூரில் தமிழர்கள் இருக்கும் பகுதிகளில் கலவரம் வெடித்தது. நாங்கள் அப்போது ஸ்ரீராமபுரத்தில் வாடகை வீட்டில் இருந்தோம். அப்பா சுவரிலிருந்த தமிழ்க் காலண்டரைக் கழற்றி அரிசி டின்னுக்குள் சுருட்டி வைத்தார். அதை அவர் செய்த விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது, சாமி படத்தைத் துடைப்பவர் மாதிரி நிதானமாகச் செய்தார். பக்கத்து வீட்டில் ஒரு கன்னடப் பாட்டி, அஜ்ஜி என்று கூப்பிடுவோம். இருட்டியதும் தன் வெற்றிலைப் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்து எங்கள் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். விடியவிடியப் பாக்கு வெட்டிக்கொண்டே இருந்தார். தெருவில் வந்தவர்களிடம் கன்னடத்தில் ஏதோ அதட்டிப் பேசினார், அவர்கள் போய்விட்டார்கள். இரண்டு ராத்திரி அப்படி.

அடுத்த தேர்தலில் அந்த அஜ்ஜி யாருக்கு ஓட்டுப் போட்டார் தெரியுமா? எங்களுக்கு எதிராக அந்த நாட்களில் மைக் பிடித்து முழங்கியவருக்கு. மறைக்கவும் இல்லை, அவரே சொன்னார். பேரனுக்கு வேலை வாங்கித்தந்தவராம். அப்பா ஒரு வாரம் பேசவில்லை. பிறகு ஒரு சாயங்காலம் அதே வாசற்படியில் நின்று, தனக்குத் தெரிந்த அரைகுறைக் கன்னடத்தில், நீங்கள் செய்தது பாவம் என்று சத்தம் போட்டார். அஜ்ஜி பாக்கு வெட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். பதில் சொல்லவில்லை. அந்த யுகாதிக்கு வழக்கம்போல அவர் வீட்டிலிருந்து ஒப்பட்டு, நம்ம ஊர் போளி, வந்தது. அப்பா சாப்பிட்டார். அந்த ஓட்டை அவர் கடைசிவரை மன்னிக்கவில்லை, வாய்ப்பு வரும்போதெல்லாம் சொல்லிக்காட்டுவார். அஜ்ஜி படுத்த படுக்கையானபோது ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவரும் அவர்தான்.

உங்கள் ஏரியாவில், அல்சூர் ஏரிக்கரையில், திருவள்ளுவர் சிலை அதே 1991-இலிருந்து மூடியே கிடந்தது. சிறுவனாகவும் பிறகு வாத்தியாராகவும் அதைத் தாண்டித்தான் போய்வந்திருப்பீர்கள். 18 வருஷம் கழித்து 2009 ஆகஸ்ட் 9 அன்று திறந்தார்கள். நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வஞ்ஞரின் சிலை திறக்கப்பட்டது. அல்சூரில் சிலை திறந்த அன்றைக்கு அப்பா இல்லை, அஜ்ஜியும் இல்லை. அந்தக் கூட்டத்துக்கு என்னை ஸ்கூட்டரில் வைத்துக் கூட்டிப்போனது அஜ்ஜியின் பேரன். அந்த ஓட்டுக்கு வேலை வாங்கிய அதே பேரன்.

வகுப்புக்கு வருகிறேன். பிள்ளைகளிடம் பொய் சொல்ல முடியவில்லை என்கிறீர்கள். சொல்லாதீர்கள். முகப்புரையில் வினைச்சொற்கள் எவை என்று எட்டாம் வகுப்பைத் தேடச் சொல்லுங்கள். ‘இருக்கிறது’ என்று ஒரு வரி அகப்படாது. மேலே எழுதிய தேதிகளைக் கரும்பலகையில் எழுதுங்கள், கதையைச் சொல்லுங்கள், அம்பேத்கர் தோற்றதையும் சேர்த்து. ஒன்பதாம் வகுப்புக்கு 243-யூ பிரிவையும் நடத்துங்கள், அவர்கள் தெருவில் கவுன்சிலர் யார் என்று வீட்டில் கேட்டு வரச் சொல்லுங்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை. அந்த ராத்திரி கவர் உங்கள் தெருவுக்கு மட்டும் வந்திருக்காது. அப்பா அதை வாங்கி அலமாரியில் வைத்ததைப் பார்த்த பிள்ளைகள் உங்கள் முன்னால் வரிசையில் நிற்கிறார்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அது என்ன பணம் என்று தெரியும். ‘காசு வாங்கிய ஜனங்கள்’ என்று நீங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னால் அந்தப் பிள்ளை அதைத் தன் அப்பாவின் பெயராகக் கேட்கும். ஒன்று அப்பாவை வெறுக்கும், இல்லையென்றால் உங்களை வெறுக்கும், உங்களோடு சேர்த்து நீங்கள் நடத்துகிற பாடத்தையும். தவறைத் தவறென்று சொல்லுங்கள். யாரென்று சொல்லாதீர்கள், கட்சிப் பெயர் வாயில் வரவே வேண்டாம். வாங்கியவர் ஏன் வாங்கினார் என்ற கேள்வியைப் பிள்ளைகளிடமே விடுங்கள். அவர்களுக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும்.

இன்னும் ஒன்று கேட்க வேண்டும். பெரியவர் எப்படி இருக்கிறார்? தோற்றது அவர், டெபாசிட் போனது அவருடையது. ஆறு பக்கத்தில் தேர்தலுக்குப் பிறகு அவரைப் பார்த்ததாக ஒரு வரி இல்லை. 14 பேரும் அதன்பிறகு கூடவில்லை என்றுதான் தெரிகிறது. தோற்ற வீட்டுக்குப் போகச் சங்கடமாக இருக்கும், எனக்குப் புரிகிறது. இந்த வாரம் போய்விட்டு வாருங்கள். ஓட்டைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. அந்தச் சாக்கடை என்ன ஆனது என்று கேளுங்கள். அவரைப் பற்றி நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், இந்நேரம் அடுத்த மனுவை அவர் எழுதிவைத்திருப்பார், கூட வர ஆள் இல்லாமல் இருப்பார். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி ஒரு விண்ணப்பம் போட்டால் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். சாக்கடைக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள், யார் வேலை எடுத்தார்கள் என்று கேட்டு வாங்குங்கள். உங்கள் கையெழுத்துக்கு அது நல்ல வேலை. நிராசையில் இருப்பவர்களுக்குப் பெரிய காரியம் எதையும் நான் சொல்வதில்லை. முடிவு தெரிகிற, தேதி போட்ட ஒரு சின்னக் காரியம் போதும்.

ஞாயிற்றுக்கிழமை தம்பி வீட்டுப் படியேறுங்கள். ஒரே காம்பவுண்டு, பத்தடி தூரம். 8,000 ரூபாய்ப் பேச்சை முதலில் எடுக்காதீர்கள். மகளுக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று கேளுங்கள், டெங்கு வந்து போனபிறகு நீங்கள் கேட்கவே இல்லை என்பது உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. டீ கொடுத்தால் குடியுங்கள். அதன்பிறகு கோபத்தைச் சொல்லுங்கள், சொல்லாமல் திரும்பி வராதீர்கள். அவனுக்கும் உங்கள் மேல் சொல்ல ஒன்று இருக்கும், அதையும் முழுக்கக் கேட்டுவிட்டு வாருங்கள்.

மூன்று வாரம் கழித்து எனக்கு எழுதுங்கள். எத்தனை மணிக்கு விழிப்பு வருகிறது என்பதை முதல் வரியில் எழுதுங்கள்.